மிதித்தால் வரும் சத்தம்: பட்டறைக்குப் புதிதாக வந்த தம்பிகளுக்கு

1. வண்டி வந்ததும் பானெட்டைத் திறக்காதீர்கள். ஓட்டி வந்தவரிடம் பேசுங்கள். எந்த கியரில் வருகிறது, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா சூடேறிய பிறகா, நேராகப் போகும்போதா திருப்பும்போதா? பிறகு அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிப் பாருங்கள். பழைய வண்டியில் பலவிதச் சத்தம் இருக்கும். அவர் "இதோ, இதுதான்" என்று கை காட்டுவதைத்தான் நாம் தேட வேண்டும்.

2. எஞ்சின் சுற்றோடு ஏறுகிறதா, வண்டி வேகத்தோடு ஏறுகிறதா? இதைப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நின்ற வண்டியில் நியூட்ரலில் ஆக்சிலரேட்டர் கொடுங்கள். அப்போதே கேட்டால் எஞ்சின், பெல்ட், சைலன்சர் பக்கம் போங்கள். கேட்கவில்லையா? காலிச் சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவது கியரிலும் நான்காவதிலும் ஓட்டுங்கள். கியர் மாறியும் சத்தம் மாறாவிட்டால் டயர் அல்லது வீல் பேரிங். இடப்பக்கம் வளையும்போது உறுமல் கூடினால் பெரும்பாலும் வலப்பக்க பேரிங்தான். பாரம் அந்தப் பக்கம் சாய்கிறது. ஆனால் டயரைக் கையால் தடவிப் பார்க்காமல் பேரிங்கைக் கழற்றாதீர்கள். மேடுபள்ளமாகத் தேய்ந்த டயரும் அப்படியேதான் உறுமும். எஞ்சின் சத்தத்தைப் பிரித்துக் கேட்பதற்காக ஓடும் வண்டியில் சாவியை அணைக்கக் கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளலாம்.

3. முன்சக்கரம் இழுக்கும் கார்களில், ஸ்டீயரிங்கைத் திருப்பி மிதிக்கும்போது 'டக் டக் டக்' என்றால் ஆக்சிலின் வெளிமுனை ஜாயின்ட். நேராகப் போகையில் மிதித்தால் வண்டி உதறி, காலை எடுத்ததும் அடங்கினால் உள்முனை. சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். தெறித்திருந்தால் ரப்பர் பூட் கிழிந்துவிட்டது. சத்தம் வருவதற்கு முன்பே கண்டுபிடித்தால் பூட்டும் கிரீஸும் மாற்றினால் போதும். வந்த பிறகு என்றால், மண் உள்ளே போய்த் தேய்த்திருக்கும். ஜாயின்ட்டையே மாற்ற வேண்டும். எந்த வேலைக்காக வண்டி வந்தாலும் பூட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கேட்காமலே செய்யும் இந்த ஒரு வேலை வண்டிக்காரருக்குப் பெரிய செலவை மிச்சமாக்கும்.

4. கிளம்பும்போதும் ரிவர்ஸ் போடும்போதும் ஒரே ஒரு 'டொக்': எஞ்சின் மவுண்டிங்கைப் பாருங்கள்.

5. மேட்டில் பெரிய கியரில் மிதிக்கையில் 'கிணுகிணு' என்றால் நாக்கிங். எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று யாரையும் பயமுறுத்தாதீர்கள். முதலில் கியரைக் குறைத்து ஓட்டச் சொல்லுங்கள். பெட்ரோல், பிளக், எஞ்சின் சூடு மூன்றையும் சோதியுங்கள். அப்படியே விட்டுவிடவும் கூடாது, பிஸ்டன் கெடும்.

6. காலையில் 'தப் தப்' என்று கேட்டு, சூடேறியதும் குறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட். அந்த இடத்தில் கரித்தடம் இருக்கும். இதை நாளைக்குத் தள்ளாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு காருக்குள் புகுந்தால் ஆளைக் கொல்லும். டர்போ டீசலில் 'உஸ்' சத்தமும் கரும்புகையும் பிக்கப் குறைவும் சேர்ந்து வந்தால் காற்று ஹோஸ் கிழிந்திருக்கும்.

7. சத்தம் தேடும் ஆர்வத்தில் ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போய்விடாதீர்கள். எவ்வளவு அவசரமானாலும், யார் சொன்னாலும், ஸ்டாண்டு வைத்த பிறகே படுங்கள்.