தாய்ப்பாலும் தறிவீடும்

ஈன்ற பசுவின் சீம்பாலைக் கன்றுக்கு உடனே ஊட்டவேண்டும் என்பதை நம் கொங்குநாட்டு உழவர் யாவரும் அறிவர். ஆயினும், அவ்வீட்டிலேயே பிறக்கும் குழந்தைக்குச் சீம்பாலுக்கு முன்னர்ச் சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாகத் தொட்டு வைக்கும் வழக்கம் சிலவிடங்களில் இன்னும் நீங்கவில்லை. பிறந்த 1 மணி நேரத்திற்குள் தாய்ப்பால் ஊட்டத் தொடங்கவேண்டும். 6 மாதம் நிறையும்வரை தண்ணீரும் வேண்டா. அதன்பின் இணை உணவுடன் 2 ஆண்டும் அதற்கு மேலும் தாய்ப்பால் தரலாம். இதுவே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

ஒரு நெசவாளர் சங்கத்தில் தணிக்கைக்காக அமர்ந்திருந்தபோது, முதிய உறுப்பினர் ஒருவர் பால்மாவு டப்பா வாங்க முன்பணம் கேட்டு வந்தார். "மருமகளுக்குப் பால் பத்தலைங்க, குழந்தை ராவெல்லாம் அழுவுதுங்க" என்றார். குழந்தைக்கு 20 நாள். தாய் 12-ஆம் நாளே தார் சுற்ற அமர்ந்துவிட்டார் என்பதும், பகலில் இருமுறையே பால் கொடுத்தார் என்பதும் விசாரித்தபின் தெரிந்தன. சங்கச் செயலர் துணை சுகாதார நிலையத்திற்கு ஆள் அனுப்பினார். கிராம சுகாதார செவிலியர் வந்து குழந்தையை எடை பார்த்தார். காம்பை மட்டுமன்றி, அதைச் சூழ்ந்த கருவட்டத்தையும் குழந்தை வாய்நிறையப் பற்றுமாறு பிடித்துக் காட்டினார். இரவும் பகலுமாக 8 முதல் 12 முறை ஊட்டச் சொன்னார்; இருமுறை மீண்டும் வந்து பார்த்தார். பிறகு டப்பாவின் பேச்சே எழவில்லை.

இதன் காரணம் எளிது. சங்கத்தில் இட்ட வைப்புத்தொகை எடுக்க எடுக்கக் குறையும். தாய்ப்பாலோ குழந்தை அருந்த அருந்தவே சுரக்கும். புட்டிப்பால் கொடுத்தால் குழந்தை தாயிடம் அருந்துவது குறையும், சுரப்பும் குறையும். முதல் வாரத்திற்குப்பின் நாளொன்றுக்கு 6 முறையேனும் சிறுநீர் கழிந்து, எடையும் கூடிவந்தால் பால் போதுமென்று அறியலாம். எடை கூடாவிடில் தாமதியாது ஆரம்ப சுகாதார நிலையத்தை நாடவேண்டும்.

ஆலைப் பெண்களுக்கு 1961-ஆம் ஆண்டின் பேறுகாலச் சட்டம் விடுப்பும், குழந்தைக்கு 15 மாதமாகும்வரை பாலூட்ட நாள்தோறும் இரு இடைவேளையும் பெற்றுத்தந்தது. 2017-இல் அவ்விடுப்பு 26 வாரமாயிற்று. வீட்டுத்தறியருகே தார் சுற்றும் பெண்ணுக்கு விடுப்பளிக்க முதலாளி எவருமில்லை. ஏழைத் தாய்மாருக்கென 1987-இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் தொகை, 2018-இல் பொருளுதவியும் சேர்த்து 18,000 ரூபாயாக உயர்ந்தது. அத்தொகை கைக்கு வந்தாலும், தார் சுற்றுவோர் இல்லையேல் தறி நிற்கும் என்ற அச்சம் தாயை எழுப்பிவிடுகிறது.

அவ்வச்சத்தைப் போக்குவது சங்கத்தின் கடமை. பிள்ளை பெற்ற வீட்டுக்கு நூல் ஒதுக்கீட்டைக் குறைக்காமல், சேலை ஒப்படைக்கும் கெடுவை மட்டும் தளர்த்தலாம். அண்டை வீட்டார் முறைவைத்துத் தார் சுற்றித் தரலாம். முதல் வாரத்திலேயே செவிலியருக்குச் செய்தி சொல்லலாம். இவற்றால் சங்கத்திற்குப் பெருஞ்செலவில்லை. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதனைப் பொருளாக வைக்குமாறு செயலர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.