அத்தர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா? சோதிக்கும் முறை



வாசனை பூசுவது நம் நாயகம் (ஸல்) அவர்களின் ஸுன்னத்து. ஜும்ஆவுக்கும் இரு பெருநாட்களுக்கும் அத்தர் தொடாத முஸ்லிம் வீடு அபூர்வம். சிங்கப்பூர் அராப் ஸ்திரீட்டிலும், பினாங்கிலும், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலும் நம்மவர் பலர் இந்தச் சரக்கினால் பிழைக்கிறார்கள். மளிகைக்கடைக்காரர்கூடக் கண்ணாடிப் பெட்டியில் பத்துக் குப்பி வைத்திருப்பார். ஆகவே ஒரு வாடிக்கைக்காரர் கழுத்தைத் திறந்து காட்டி, "பாய், உங்கள் அத்தர் பூசினேன், இப்படித் தடித்துவிட்டது" என்று வந்து நின்றால் நாம் சொல்ல வேண்டியது யாது என்பது நம் அனைவருக்கும் உரிய பாடம்.

வழக்கமாக நாம் சொல்லும் பதில்கள் உங்களுக்குத் தெரிந்தவைதாம். "இது அசல் பூவில் இறக்கியது, கெடுதல் செய்யாது" என்போம். "ஆல்கஹால் கலக்காத சரக்கு" என்போம். "இருபது வருஷமாக இதைத்தானே வாங்குகிறீர்கள், இன்றைக்கா ஒத்துக்கொள்ளாமல் போயிற்று?" என்போம். சிலர் வாடிக்கைக்காரரின் மணிக்கட்டில் ஒரு சொட்டுத் தேய்த்து, "ஐந்து நிமிஷம் பாருங்கள், ஒன்றும் இல்லையே" என்று காரியத்தை முடித்துவிடுவார்கள். இந்த நான்கு பதில்களும் வைத்திய சாஸ்திரத்தின் முன் நிற்கமாட்டா.

தோலில் உண்டாகும் தொந்தரவு இரண்டு வகைப்படும். ஒன்று வெறும் எரிச்சல். சரக்கு காட்டமாக இருந்தால் யார் தோலும் சிவக்கும்; மிளகாய் அரைத்த கை எரிவதைப் போல. மற்றது ஒவ்வாமை, அலர்ஜி என்று சொல்கிறோமே, அது. வாசனைப் பொருளின் நுண்கூறுகள் தோலுக்குள் இறங்கி அங்குள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. உடம்பின் காவல் அணுக்கள் அதை அந்நியன் என்று எண்ணி அடையாளம் வைத்துக்கொள்கின்றன. இந்த அடையாளம் பதிவதற்குச் சுமார் 10 முதல் 14 நாட்கள் செல்லும். அதுவரை வெளியே ஒன்றும் தெரியாது. பதிந்த பிறகு அதே பொருள் மறுபடி பட்டால், உடனே அல்ல, பெரும்பாலும் ஒரு நாள் இரண்டு நாள் கழித்தே தடிப்பும் அரிப்பும் சிறு நீர்க்கொப்புளமும் தோன்றும். பதிந்த அடையாளம் அநேகமாக ஆயுள் முழுவதும் அழிவதில்லை.

இப்போது மணிக்கட்டுச் சோதனையை நினைத்துப் பாருங்கள். இரண்டு நாள் கழித்து வரும் விருந்தாளிக்கு ஐந்து நிமிஷம் வாசலில் காத்திருந்து, "யாரும் வரவில்லை" என்று கதவைச் சாத்துவது போன்றது அது. இருபது வருஷக் கணக்கும் அப்படியே. அடையாளம் முதல் மாதத்திலும் பதியலாம், இருபத்தோராவது வருஷத்திலும் பதியலாம்.

அசல் பூ என்ற பதிலுக்கு வருவோம். ரோஜா எண்ணெயில் ஜெரானியாலும் சிட்ரோநெல்லாலும் இருக்கின்றன. கிராம்பு எண்ணெயில் பெரும்பங்கு யூஜினால். கருவாப்பட்டை எண்ணெயில் பெரும்பங்கு சின்னமால். இவை அனைத்தும் ஒவ்வாமை தரக்கூடியவை என்று வைத்தியர்கள் பட்டியலில் எழுதி வைத்திருப்பவை. இதே ஜெரானியாலைத் தொழிற்சாலையிலும் செய்கிறார்கள். பூவிலிருந்து வந்ததா, பீப்பாயிலிருந்து வந்ததா என்று தோல் விசாரிப்பதில்லை. மலாய்க்காரர்கள் கெமன்யான் என்று சொல்லும் நமது சாம்பிராணியும் மரத்திலிருந்து வடியும் பிசின்தான். அதைக் கரைத்துச் செய்த மருந்தைத் தோலில் பூசி ஒவ்வாமை கண்டவர்கள் உண்டு.

ஆல்கஹால் கலந்த வாசனை கூடுமா என்ற மஸ்அலாவை உலமாக்களிடம் விட்டுவிடுகிறேன். உடம்பு விஷயத்தில் மட்டும் சொல்வதானால், ஆல்கஹால் வெடித்த தோலில் காந்தும். ஆனால் ஒவ்வாமைக்கு அது காரணமாவது மிக அபூர்வம். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சின்னமில் ஆல்கஹால், செட்டைல் ஆல்கஹால் என்று லேபிலில் கண்டதும் சிலர் பதறுகிறார்கள். அவை ரசாயனக் குடும்பப் பெயர்கள். மதுவில் உள்ள ஆல்கஹால் வேறு, இவை வேறு. செட்டைல் ஆல்கஹால் மெழுகு போன்ற கட்டிப் பொருள். ஆனால் சின்னமில் ஆல்கஹால் ஒவ்வாமைப் பட்டியலில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

அப்படியானால் சரியான சோதனை எது? அதற்கு ஒட்டுச் சோதனை என்று பெயர் சொல்லலாம். ஆஸ்பத்திரியில் பேட்ச் டெஸ்ட் என்பார்கள். ஜெர்மானிய வைத்தியர் யோசப் யாதாசோன் 1895-ல் இதை எடுத்துரைத்தார். பாதரச மருந்தினால் தோல் கெட்டவர்களுக்கு அதே பாதரசத்தைச் சிறிதளவு தோலில் ஒட்டி வைத்து, மறுபடி தடிப்பு வருகிறதா என்று பார்த்தார். முறையின் உயிர்நாடி இன்றும் அதுவே.

வாசனைக்கென்று தனிக் கலவை பின்னால் வந்தது. அமெரிக்க வைத்தியர் லார்சன் 1977-ல், வாசனைத் திரவியத்தால் தோல் பாதிக்கப்பட்ட 20 பேரை ஆராய்ந்து எழுதினார். அந்த வழியில் எட்டுப் பொருள்களை ஒன்றாகச் சேர்த்த கலவை உண்டாயிற்று: சின்னமால், சின்னமில் ஆல்கஹால், யூஜினால், ஐசோயூஜினால், ஜெரானியால், ஹைட்ராக்ஸி சிட்ரோநெல்லால், அமைல் சின்னமால், ஓக் மரப்பாசிச் சாரம். முதலில் ஒவ்வொன்றையும் 2 சதம் போட்டார்கள். அது சிலருக்கு வெறும் எரிச்சலைத் தந்து வைத்தியரை ஏமாற்றியபடியால் 1 சதமாகக் குறைத்து, வாசலினில் குழைத்தார்கள். பிறகு ஆறு பொருள் கொண்ட இரண்டாம் கலவையும் சேர்ந்தது.

இந்த விகிதம்தான் சோதனையின் சூட்சுமம். கூடினால் இல்லாத நோயைக் காட்டும். குறைந்தால் இருக்கும் நோயை மறைக்கும். எனவே, "நானே பிளாஸ்திரியில் அத்தரை நனைத்து ஒட்டிப் பார்க்கிறேன்" என்று எந்த வாடிக்கைக்காரராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். நீர்க்காத அத்தரை மூடி ஒட்டினால் தோல் வெந்து போகலாம். இதுவரை இல்லாத ஒவ்வாமை அன்றே பதியவும் கூடும்.

ஆஸ்பத்திரியில் மேல்முதுகில் சிறு வட்டத் தகடுகளில் மருந்தை வைத்து ஒட்டுவார்கள். 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். அதோடு முடியாது, மூன்றாம் அல்லது நான்காம் நாள் மறுபடி பார்ப்பார்கள், சிலரை ஏழாம் நாளும் வரச் சொல்வார்கள். வெறும் எரிச்சலாயிருந்தால் ஒட்டை எடுத்த பின் சிவப்பு அநேகமாக மங்கிக்கொண்டு போகும். ஒவ்வாமையாயிருந்தால் நாளுக்கு நாள் ஏறும், தடிக்கும், அரிக்கும். முதல் தடவை பார்த்ததும் போதும் என்று கடைக்குத் திரும்பி விடுகிறவர் பாதிச் சோதனைதான் செய்துகொண்டவர்.

அந்த நாட்களில் முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்வையும் ஆகாது. மூட்டை தூக்குகிறவர்கள் அந்த வாரம் வேறு ஆளை வைத்துக்கொள்ள வேண்டும். ஒளுவுக்கு முதுகு சேராதபடியால் தொழுகைக்குத் தடையில்லை. குளிப்புக் கடமையானால் என்ன செய்வது என்பதை முன்னதாகவே ஆலிமிடம் கேட்டு வைத்துக்கொள்வது நலம். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர், முதுகில் அந்தக் களிம்பு பூசுகிறவர் வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். அவை தடிப்பை அமுக்கிச் சோதனையைப் பொய்யாக்கும். சிங்கப்பூரில் மண்டலே ரோட்டிலுள்ள தேசிய தோல் நிலையத்தில் இச்சோதனை செய்கிறார்கள். மலேசியாவில் பெரிய ஆஸ்பத்திரிகளின் தோல் பிரிவில் விசாரிக்கலாம்.

ஒட்டுச் சோதனையில் தெளியாததற்கு வைத்தியர்கள் இன்னொரு முறை சொல்வதுண்டு. முழங்கையின் உட்புறத்தில் ஒரே இடத்தில், மூடாமல், நாளைக்கு இரண்டு வேளை அதே சரக்கைப் பூசி ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் பார்ப்பது. தடிப்புக் கண்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். ஒரு தோலா வாங்க வந்தவர் சந்தேகப்பட்டால், 3 மில்லிக் குப்பியைக் கொடுத்து, "பத்து நாள் கழித்துப் பெரியது வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்வது இதன் சாயல்தான். வியாபாரம் பத்து நாள் தள்ளிப்போகும், அவ்வளவே. தடிப்பு இருக்கும் தோலில் மட்டும் எந்த அத்தரையும் பரீட்சிக்கக் கூடாது. அதுவரை வாசனை வேண்டுமென்பவர் துணியில் தடவிக்கொள்ளட்டும். தோலில் படுவது குறையும்.

சரக்கு கடைக்கு வருமுன் செய்யும் சோதனை வேறு. முன்பு கினிப் பன்றிகளின் தோலில் பார்த்தார்கள்; 1969-ல் மாக்னுசன், கிளிக்மன் இருவர் வகுத்த முறை பிரசித்தம். பிறகு எலியின் காதில் பூசிப் பார்த்தார்கள். 2013 மார்ச் 11 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பிராணிகளிடம் சோதித்த அழகுப் பொருள்களை விற்பதற்குத் தடை வந்துவிட்டது. இப்போது பொருள் புரதத்தோடு ஒட்டுகிறதா என்று கண்ணாடிக் குழாயிலேயே பார்க்கும் முறைகள் உண்டு. அவை ஒரு பொருள் பொதுவாக ஆபத்தானதா என்று சொல்லும். இந்த மனிதரின் கழுத்துக்கு ஆகுமா என்று சொல்லமாட்டா.

லேபில் சட்டமும் அங்கே கடுமை. 2005 முதல் 26 வாசனைப் பொருள்களின் பெயரைக் குறிக்க வேண்டும் என்றார்கள். பூசி விட்டுவிடும் சரக்கில் 0.001 சதத்துக்கு மேல் இருந்தாலே போதும். 2023-ல் அப்பட்டியலை 80-க்கு மேல் நீட்டினார்கள். லில்லி மலர் வாசனைக்காகச் சேர்த்துவந்த லைரால் என்னும் பொருள் பலருக்கு ஒவ்வாமை தந்தபடியால், 2021 ஆகஸ்டுக்குப் பின் அது சேர்ந்த சரக்கை அங்கே விற்கவே கூடாது. பழைய இருப்பு மலிவாய் வருகிறதென்று வாங்குகிறவர்கள் இதைக் கேட்டறிவது நல்லது.

இருப்பு என்றதும் இன்னொன்று. ஆரஞ்சுத் தோலிலுள்ள லிமோனீன், லாவெண்டரிலுள்ள லினலூல் ஆகியவை புதிதாக இருக்கையில் அவ்வளவு பொல்லாதவை அல்ல. காற்றுப் பட்டுப் பட்டு மாறியபின்தான் ஒவ்வாமை தருகின்றன. பாதி காலியான பெரிய புட்டியில் மீதி இடமெல்லாம் காற்றுதானே! சிறு குப்பிகளில் கழுத்துவரை நிரப்பி, இறுக மூடி, இருட்டில் வையுங்கள். வெயில் படும் கண்ணாடி அலமாரி பார்வைக்கு அழகு, சரக்குக்கு எதிரி.

வைத்தியர் சோதித்து, "உங்களுக்கு ஜெரானியால் ஆகாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சீட்டோடு அவர் நம்மிடம் வந்து, "பாய், எந்தக் குப்பியில் இது இல்லை?" என்பார். அப்போது நம்மில் எத்தனை பேரால் பதில் சொல்ல முடியும்? தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டு, அடியில் ஈரம் கண்டு, அதை ஏன் மக்கள் பார்க்கும்படி மேலே வைக்கவில்லை என்று வியாபாரியைக் கேட்ட வரலாறு மதரஸாவில் ஓதிய எல்லோருக்கும் தெரியும். சட்டமும் நம்மை விடவில்லை. ஆசியான் நாடுகளின் பொது விதிப்படி 2008 முதல் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாசனைத் திரவியத்தை விற்குமுன் அரசாங்க இலாகாவுக்கு அறிவிக்க வேண்டும். மொத்தமாக வாங்கிக் குப்பியில் ஊற்றித் தம் கடைப் பெயர் ஒட்டுகிறவர் அந்தச் சரக்குக்குத் தாமே பொறுப்பாளி ஆகிறார்.

மொத்த வியாபாரியிடம் ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியலைக் கேட்டால், "சேர்மானம் கம்பெனி ரகசியம்" என்பார். எதை எவ்வளவு கலந்தார் என்று நாம் கேட்கவில்லை. இந்தப் பெயர்கள் இருக்கின்றனவா இல்லையா என்றுதான் கேட்கிறோம். ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்பும் கம்பெனிகள் அந்தத் தாள் இல்லாமல் அனுப்ப முடியாது. அவர்களிடம் அது தயாராகவே இருக்கும். ஆர்டர் எழுதும்போதே, குப்பிக்கு ஒரு தாள் என்று சேர்த்து எழுதிவிடுங்கள்.