யார் பேர் ரொம்ப அடிபடுது?

போன வாரம் என் தங்கை ஒரு படம் அனுப்பியிருந்தாள். காலேஜ் ப்ராஜெக்ட். வாட்ஸ்அப், சிக்னல், ஜிபே, ஐ.ஆர்.சி.டி.சி. என்று நாலு செயலிகளை எடுத்து, இணையத்தில் எதன் பேர் எத்தனை தடவை அடிபடுகிறது என்று எண்ணி, கம்பம் கம்பமாக வரைந்திருந்தாள். "எது ஃபர்ஸ்ட்டுன்னு பாரேன் அக்கா."

"இரு, எங்க அப்பார்ட்மென்ட் குரூப்ல 'பால்'னு தேடிட்டு வரேன்" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, தேடினேன். வந்ததில் பாதி பால்கனி. பால்கனியில் புறா, பால்கனியில் ஈரத்துணி சொட்டுகிறது. அடுத்து, 'வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுறோம், எல்லாரும் வந்துடுங்க.' ஒருவர் பால்ஸ் சீலிங் போட ஆள் கேட்டிருந்தார். தினமும் அஞ்சரை மணிக்கு வாசலில் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போகிற பால்காரர் பேச்சு, ஒரே ஒரு மழை நாளில்தான் வந்திருந்தது. அன்றைக்கு அவர் வரவில்லை. அன்று மட்டும் பதினேழு மெசேஜ்!

இந்த மாதிரி எண்ணப் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில் முக்கால்வாசி இதிலேயே இருக்கிறது.

முதலில் பால்கனியைக் கழியுங்கள். 'சிக்னல்' என்று தேடினால் செயலியும் வரும், போக்குவரத்து சிக்னலும் வரும், டவர் கிடைக்காத புலம்பலும் வரும். பேர்க் குழப்பத்தில் பணத்தையே விட்டவர்கள் உண்டு. 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தனியுரிமை விதிகளை மாற்றியதும் எலான் மஸ்க், சிக்னலைப் பயன்படுத்துங்கள் என்று ட்விட்டரில் போட்டார். கூட்டம் ஓடிப்போய் 'சிக்னல் அட்வான்ஸ்' என்ற, துளியும் சம்பந்தமில்லாத ஒரு சின்ன அமெரிக்கக் கம்பெனியின் பங்கை வாங்கியது. ஒரு டாலருக்கும் கீழே கிடந்தது சில நாளில் 38 டாலரைத் தாண்டியது. சிக்னல் செயலியை நடத்துவது லாப நோக்கமில்லாத அறக்கட்டளை. அதற்குப் பங்கே கிடையாது! எந்தச் சொல்லை எவ்வளவு தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸில் பேரை அடித்ததும் கீழே விரியும் பட்டியலில் வெறும் சொல்லாக ஒன்றும், 'செயலி', 'நிறுவனம்' என்ற குறிப்போடு ஒன்றும் வந்தால், குறிப்புள்ளதையே எடுங்கள்.

அடுத்தது பால்காரர் வராத நாள். 2021 அக்டோபர் 4 ராத்திரி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஆறு மணி நேரத்துக்குப் படுத்துவிட்டன. எல்லோரும் ட்விட்டருக்குப் போய் அதைப் பற்றித்தான் பேசினார்கள். வாட்ஸ்அப்பை ஒருத்தராலும் திறக்க முடியாத அந்த ராத்திரி, அதன் பேர்தான் கொடிகட்டிப் பறந்தது. அதனால் திடீரென்று எகிறும் நாட்களைத் தனியாக எடுத்து வையுங்கள். பிறகு ஒரு நூறு பதிவையாவது உட்கார்ந்து கண்ணால் படித்து, புகழ்கிறார்களா, திட்டுகிறார்களா, போகிற போக்கில் சொல்கிறார்களா என்று மூன்றாகப் பிரியுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் இதைச் செய்யாத கணக்கை நான் மதிப்பதில்லை.

ஜிபே கதை வேறு. எங்கள் தெரு மளிகைக் கடையில் "அண்ணே, ஜிபே இருக்கா?" என்று கேட்டால், அண்ணன் தலையாட்டிக்கொண்டே போன்பே ஸ்டிக்கரைக் காட்டுவார். கேட்டவரும் ஒன்றும் சொல்லாமல் ஸ்கேன் பண்ணுவார். எந்தக் கம்பெனி மெஷினில் எடுத்தாலும் ஜெராக்ஸ் என்கிறோமே, அப்படித்தான். பேச்சை எண்ணினால் நம்ம பக்கம் ஜிபேதான் ஜெயிக்கும். ஆனால் யு.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ. மாதாமாதம் எந்தச் செயலியில் எத்தனை பரிவர்த்தனை என்று வெளியிடுகிறது. அதில் பல வருஷமாக போன்பே முதலிடம், ஜிபே என்கிற கூகுள் பே இரண்டாமிடம். நிஜக் கணக்கு இப்படி வெளியில் கிடைக்கிற இடத்தில் பேச்சை எண்ணி மாரடிக்காதீர்கள். இன்னொன்று, கூகுள் பே 2017-ல் வந்தபோது அதன் பேர் தேஜ். 2018 ஆகஸ்டில்தான் மாற்றினார்கள். பழைய பேரைத் தேடாவிட்டால் ஒரு வருஷக் கணக்கு காணாமல் போகும்.

ட்ரெண்ட்ஸ் காட்டும் 100 என்பது நூறு பேரும் இல்லை, நூறு சதவீதமும் இல்லை. நீங்கள் கேட்ட காலத்தில், கேட்ட ஊரில், மொத்தத் தேடலில் அந்தப் பேரின் பங்கு எப்போது உச்சமாக இருந்ததோ அதற்கு 100 போட்டு, மற்றதை அதற்குத் தக்கபடி குறைத்துக் காட்டுகிறது. நேற்று எடுத்த படத்தின் 60-ஐயும் இன்று எடுத்த படத்தின் 60-ஐயும் பக்கத்தில் வைப்பது, வேறு வேறு ஆழாக்கில் அளந்த அரிசியைக் கூட்டுகிற மாதிரி. ஒரே சமயத்தில் ஒரு சில பெயர்களைத்தான் ஒப்பிட முடியும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒரு நடுத்தரமான பேரை ஒவ்வொரு தடவையும் பொதுவாக வைத்து, அதை வைத்தே மற்றதைச் சரிசெய்யுங்கள். யூடியூப் மாதிரி பூதத்தைப் பொதுவாக வைத்தால் பக்கத்தில் இருப்பதெல்லாம் தரையோடு தரையாகிவிடும்.

மிச்சம், ரயில் டிக்கெட் எடுக்கிற ஐ.ஆர்.சி.டி.சி. வாட்ஸ்அப்பை நாளெல்லாம் திறக்கிறோம், இதை ஊருக்குப் போகும்போது மட்டும். இரண்டையும் ஒரே கம்பத்தில் நிறுத்தி என்ன பண்ண? அததை அததன் போன வருஷத்தோடு ஒப்பிடலாமே. அதிலும் ஒரு கண்ணி உண்டு. ரயில் முன்பதிவு முன்பு 120 நாளுக்கு முன்னால் திறந்தது, 2024 நவம்பரிலிருந்து 60 நாள் ஆகிவிட்டது. செப்டம்பரில் அடிபட்ட பொங்கல் டிக்கெட் பேச்சு நவம்பருக்கு நகர்ந்துவிட்டது. விதி தெரியாமல் படத்தைப் பார்த்தால், செப்டம்பரில் மவுசு குறைந்துவிட்டது என்று எழுதி வைப்போம்.

தங்கை மூன்று நாள் உட்கார்ந்து படித்துப் பிரித்தாள். சிக்னல் கம்பம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. "இப்ப எதை ஃபர்ஸ்ட்டுன்னு போட?" என்று கேட்டாள். நாலுக்கும் நாலு தனிப் படம் போடச் சொல்லியிருக்கிறேன். மார்க்கைக் குறைத்தால் என்னைத்தான் சொல்வாளாம்.