முத்திரையும் அதிகாரமும்: நிறுவனங்கள் எழுதிக்கொடுக்கும் கிரயப் பத்திரங்கள்

சேலம் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், கெங்கவல்லி, ஆத்தூர், தலைவாசல் வட்டாரங்களில், மரவள்ளி வயல்களை ஒட்டி எழுந்த சேகோ ஆலைகளும் அரிசி ஆலைகளும் கைமாறும்போது, கிரயப் பத்திரத்தில் எழுதிக்கொடுப்பவராக ஒரு தனிமனிதருக்குப் பதில் ஒரு கம்பெனியோ கூட்டாண்மை நிறுவனமோ நிற்பதுண்டு. கம்பெனிக்குப் பெயரையும், சொத்து வைத்திருக்கும் உரிமையையும், வழக்காடும் தகுதியையும் சட்டம் தந்திருக்கிறது. ஆனால் கையெழுத்திட அதற்குக் கை கிடையாது. அதற்காகக் கையெழுத்திடும் மனிதருக்கு அந்த அதிகாரம் யாரால், எந்த ஆவணத்தின் வழியாக வந்தது என்பதைப் பொறுத்தே பத்திரம் நிற்கும் அல்லது விழும். இதைக் கவனிக்கவிடாமல் தடுக்கும் சில நம்பிக்கைகள் வாங்குபவரின் வாழ்நாள் சேமிப்பையே ஆபத்தில் தள்ளக்கூடியவை.

அவற்றுள் மிகப் பழையது, நிறுவனத்தின் முத்திரை விழுந்துவிட்டால் பத்திரம் செல்லும், விழாவிட்டால் செல்லாது என்பதாகும். இந்த நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் அடிப்படை இருந்தது. கம்பெனியின் பெயர் பொறிக்கப்பட்டு, தாளில் புடைத்து நிற்கும்படி அழுத்தப்படும் பொது முத்திரை, ஆங்கிலேயச் சட்ட மரபில் கம்பெனியின் கையெழுத்தாகவே கருதப்பட்டது. இங்கிலாந்து 1989ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது. இந்தியாவில் 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 2015இல் திருத்தப்பட்டு, அந்த ஆண்டு மே 29 முதல் பொது முத்திரை விருப்பத்துக்குரியதாக மாறியது. ஆகவே முத்திரை இல்லை என்பதற்காக மட்டும் ஒரு கம்பெனியின் பத்திரத்தைக் குறைபாடுடையது என்று ஒதுக்க முடியாது. மறுபுறம், "இயக்குநர்" என்று பொறித்து மைதடவிக் குத்தப்படும் ரப்பர் ஸ்டாம்ப் எக்காலத்திலும் பொது முத்திரையாக இருந்ததில்லை. அது கையெழுத்திட்டவரின் பதவியைக் காட்டுமே தவிர அவரது அதிகாரத்தை நிறுவாது.

அதிகாரத்தை நிறுவுபவை வேறு ஆவணங்கள். கம்பெனிகள் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, கம்பெனியின் சார்பிலான ஆவணங்களிலும் ஒப்பந்தங்களிலும் அதன் முதன்மை நிர்வாகிகளோ, இயக்குநர் குழுவால் முறையாக அதிகாரமளிக்கப்பட்ட அலுவலரோ கையெழுத்திடலாம். 22ஆம் பிரிவின்படி, கம்பெனி ஒருவரைத் தன் முகவராக எழுத்து மூலம் நியமித்து, அவர் கையால் பத்திரங்களை நிறைவேற்றலாம். பொது முத்திரை வைத்திருக்கும் கம்பெனி அந்த முத்திரையோடும், வைத்திராத கம்பெனி இரண்டு இயக்குநர்களின் கையெழுத்தோடும், கம்பெனிச் செயலர் இருக்குமிடத்தில் ஓர் இயக்குநர் மற்றும் செயலரின் கையெழுத்தோடும் அந்த அதிகாரத்தை அளிக்க வேண்டும்.

நிர்வாக இயக்குநர் என்ற பதவியே போதும் என்றும், பங்குகளெல்லாம் ஒரே குடும்பத்திடம் இருந்தால் குடும்பத் தலைவரே விற்கலாம் என்றும் எண்ணுவது இதையொட்டிய பிழை. பங்குதாரருக்கு ஆதாயப் பங்கில் உரிமை உண்டே அன்றி, கம்பெனியின் நிலத்திலும் கட்டடத்திலும் உரிமை இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 1954இல் பச்சா குஸ்தார் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. எனவே கம்பெனியின் நிலத்தைத் தம் சொந்தப் பெயரில் எழுதிக்கொடுக்கும் குடும்பத் தலைவர், தமக்கு உரிமையில்லாத ஒன்றையே எழுதிக்கொடுக்கிறார். இதன் மறுபக்கமும் அறியத்தக்கது. கம்பெனிக்காகப் பவர் பத்திரத்தில் கையெழுத்திட்ட இயக்குநர் இறந்தால் அந்தப் பவரும் முடிந்துவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். அதிகாரம் அளித்தது கம்பெனி, அது இறக்கவில்லை, ஆகவே கம்பெனி திரும்பப் பெறும் வரை அந்த அதிகாரம் தொடரும்.

கூட்டாண்மை நிறுவனத்தின் நிலை முற்றிலும் வேறானது. சிறிய ஆலைகளை வாங்குவோர் மிகுந்த எச்சரிக்கை கொள்ள வேண்டிய இடமும் இதுவே. கூட்டாளிகளிலிருந்து பிரிந்து நிற்கும் தனிச் சட்ட உரு அதற்கு இல்லை. ஒரு கூட்டாளி தொழில் நிமித்தம் சரக்கு வாங்கினாலும் விற்றாலும் மற்றவர்கள் கட்டுப்படுவார்கள் என்ற பொது விதியிலிருந்து, எந்தக் கூட்டாளியும் நிறுவனத்தின் நிலத்தையும் விற்கலாம் என்று முடிவு கட்டுவது பெரும் தவறு. 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 19ஆம் பிரிவில், மாறான தொழில் வழக்கம் இல்லாதபோது, அசையாச் சொத்தை நிறுவனத்துக்காக வாங்குவதும் நிறுவனத்தின் அசையாச் சொத்தை மாற்றிக்கொடுப்பதும் கூட்டாளியின் உள்ளுறை அதிகாரத்தில், அதாவது தனியே எழுதித் தராமலே அவருக்கு இருப்பதாகக் கொள்ளப்படும் அதிகாரத்தில், அடங்காது என்று விதித்திருக்கிறது. எல்லாக் கூட்டாளிகளும் கையெழுத்திட வேண்டும். இல்லையேல், கையெழுத்திடுபவருக்குக் கூட்டாண்மைப் பத்திரமோ மற்றவர்கள் அளித்த பவர் பத்திரமோ விற்கும் அதிகாரத்தை வெளிப்படையாகத் தந்திருக்க வேண்டும். இரண்டே கூட்டாளிகள் உள்ள நிறுவனத்தில் ஒருவர் இறந்தால் நிறுவனமே கலைந்துவிடும். அவர் வாரிசுகள் தாமாகவே கூட்டாளிகளாகி விடுவதில்லை, எனினும் அவரது பங்கின் மதிப்பில் அவர்களுக்கு உரிமை உண்டு. அவர்களைச் சேர்க்காமல் எஞ்சியவர் மட்டும் எழுதிக்கொடுத்த ஆலைக் கிரயங்கள் வழக்குக்கு வழிவிடக்கூடியவை.

கூட்டுறவுச் சங்கத்தின் சொத்தைப் பொறுத்தவரை, தலைவரின் கையெழுத்துக்கு மேலாக அதன் துணைவிதிகளும் குழுத் தீர்மானமும் பார்க்கப்பட வேண்டும். கோயில் நிலத்துக்கோ தர்மகர்த்தாவின் சம்மதம் ஒருபோதும் போதாது. 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டத்தின் 34ஆம் பிரிவு, ஆணையரின் அனுமதியில்லாத விற்பனை, அடமானம், பரிவர்த்தனை ஆகியவற்றையும், 5 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையையும் செல்லாதவை என்கிறது.

சார்பதிவாளர் பதிவு செய்துவிட்டால் இக்குறைகள் எல்லாம் நீங்கிவிடும் என்ற நம்பிக்கையே வாங்குபவரை மிகவும் ஏமாற்றுகிறது. பதிவு, ஆவணம் ஒன்று எழுதப்பட்டதைப் பொதுப் பதிவேட்டில் ஏற்றுகிறது. கையெழுத்திட்டவருக்கு இல்லாத அதிகாரத்தை அது உண்டாக்குவதில்லை. கம்பெனிச் சொத்துக்கு வில்லங்கச் சான்று மட்டும் போதாது என்பதும் இங்கே சேர்த்துச் சொல்லத்தக்கது: கம்பெனி தன் சொத்தின்மேல் ஏற்படுத்தும் கடன் பிணையைக் கம்பெனிப் பதிவாளரிடம் 30 நாட்களுக்குள் பதிய வேண்டியிருப்பதால், அந்தப் பதிவேட்டையும் வாங்குபவர் பார்க்க வேண்டும்.

பத்திரம் முடிந்த பின்னரே குறை தெரியவந்தால், கம்பெனியின் இயக்குநர் குழு தீர்மானத்தின் மூலமும், கூட்டாளிகள் தாம் கையெழுத்திடும் உறுதிப்படுத்தும் ஆவணத்தின் மூலமும், அதிகாரமின்றி நடந்ததை 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின்படி பின்னேற்பு செய்ய இயலும். ஆணையரின் அனுமதியின்றி விற்கப்பட்ட கோயில் நிலத்துக்கு அறங்காவலர் குழு எத்தனை தீர்மானம் போட்டாலும் அந்த வழி திறக்காது.