தேதி வரிசையா, திறன் வரிசையா?

சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பின் முதன்மைப் பாடங்களில், 20 அகமதிப்பீட்டு மதிப்பெண்களுள் 5 மதிப்பெண் போர்ட்ஃபோலியோ எனப்படும் தொகுப்பேட்டுக்கு உரியது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் இப்பாடத்திட்டத்துக்கு மாறிய பின் அந்தக் கோப்புகள் நம் மேசைகளில் நிறைகின்றன. அட்டை அழகாக இருக்கும். உள்ளே தாள்கள் தேதி வரிசையில் கோக்கப்பட்டிருக்கும். அந்த மாணவருக்கு என்ன செய்யத் தெரியும் என்பது மட்டும் எளிதில் பிடிபடாது.

என்னிடம் படித்த ஒருவர் லாஸ்பேட்டையில் வீட்டிலிருந்தே தனித்தொழிலாக மென்பொருள் எழுதுகிறார். வேலை தருபவர்களுக்குக் காட்ட கிட்ஹப் தளத்தில் தம் நிரல்களை வைத்திருந்தார். ‘ப்ராஜெக்ட் 1’, ‘ப்ராஜெக்ட் 2’, ‘செமஸ்டர் ஒர்க்’ என்று பெயர்கள். பெரிய மார்க்கெட் பக்கம் மளிகைக்கடை வைத்திருப்பவர் இதைப் பார்த்து என்ன புரிந்துகொள்வார்? கடன் கணக்கை இந்தத் தம்பி கணினியில் ஏற்றித் தருவாரா என்பதே அவர் கேள்வி. அதற்கான விடை ‘ப்ராஜெக்ட் 2’க்குள் கிடந்தது. பிறகு அவர் ‘கணக்குப் பதிவு’, ‘பில் தயாரித்தல்’, ‘தமிழில் தேடுதல்’ எனத் தலைப்புகளை மாற்றினார். கிட்ஹப் முகப்பில் அதிகபட்சம் ஆறு படைப்புகளைத்தான் முன்னிறுத்த முடியும் என்பதும் நல்லதாயிற்று. எதை விடுவது என்று யோசிக்க வேண்டியிருந்தது.

இதையே பதினொன்றாம் வகுப்பில் செய்து பார்த்தேன். தாள்களைக் கலைக்கவில்லை. தேதி வரிசையில் வளர்ச்சி தெரியும், அது இருக்கட்டும். முன்னால் திறன்வாரியாக ஒரு பொருளடக்கம் மட்டும் சேர்த்தோம். ஒவ்வொரு திறனுக்கும் மூன்று வரிகள்: என்னால் என்ன செய்ய முடியும், எந்தப் பக்கம் அதைக் காட்டுகிறது, அதில் நான் செய்த பகுதி எது.

முதலில் எல்லோரும் எழுதியது ‘பைதான் தெரியும்’. தச்சர் ‘உளி தெரியும்’ என்பதுபோலத்தான் இது. உளியால் என்ன செய்வீர்கள் என்று கேட்டபின்தான் வினைச்சொற்கள் வந்தன.

மூன்றாவது வரிதான் வகுப்பை அசைத்தது. பள்ளி நூலகப் புத்தகப் பதிவுக்கு நால்வர் சேர்ந்து நிரல் எழுதியிருந்தனர். நால்வர் கோப்பிலும் ஒரே அச்சுப்பிரதி. அவர்களுள் ஒரு மாணவி நிரலில் ஒரு வரிகூட எழுதியதில்லை. ஆனால் தேதி கேட்கும் இடத்தில் பெயரைக் கொடுத்து, எண் கேட்கும் இடத்தை வெறுமையாக விட்டு, நிரல் எங்கெல்லாம் நிற்கிறது என்று குறித்து வைத்தது அவர்தான். அந்தக் குறிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. கோப்பில் சேர்க்கத் தோன்றவில்லை. மென்பொருள் நிறுவனங்களில் இது ‘டெஸ்டிங்’ எனும் தனி வேலை, அதற்குச் சம்பளம் உண்டு என்றபோது, அந்தத் தாளைக் கிழித்துவந்து கோத்தார். ‘பிழை கண்டறிதல்’ என்ற தலைப்பு அந்த வகுப்பிலேயே அவரிடம் மட்டும் இருந்தது.

நான்கைந்து தலைப்புகளுக்கு மேல் வேண்டாம். இருபது வைத்தால் அதுவும் இன்னொரு பதிவேடாகிவிடும். சான்றுப் பக்கம் இல்லாத திறனை எழுதவிடக் கூடாது. தொடக்கப் பள்ளியில் ‘படம் பார்த்துக் கதை சொல்வேன்’, ‘மீதிச் சில்லறை கணக்கிடுவேன்’ போன்ற இரண்டே போதும். மூன்றாவது வரியைக் குழந்தை வாயால் சொல்லட்டும், நாம் எழுதிக்கொள்ளலாம்.