வெயிலுக்கும் வியர்வைக்கும் ஏற்ற கடிகார வார்

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்குச் செல்லும் பழைய சாலையில் உள்ள சிற்றூர் மம்பாவ். நெகிரி செம்பிலானில் ஒரு காலத்தில் இத்தகைய ஊர்களைச் சுற்றி இரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. விடியும் முன்னரே தலைவிளக்குடன் மரம் வெட்டச் சென்றவர்களின் உழைப்பில் நம் குடும்பங்கள் பல வளர்ந்தன. இன்று அந்த மரங்கள் இருந்த இடங்களுள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் குடியிருப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆயினும், இரப்பர் நம் வாழ்வை விட்டு அகலவில்லை. காலணி, கையுறை, வாகனச் சக்கரம், கைக்கடிகார வார் எனப் பல வடிவங்களில் அது நம்முடன் இருக்கிறது.

கைக்கடிகார வாரையே எடுத்துக்கொள்வோம். பள்ளித் திடலில் விளையாடிவிட்டு வந்தபின் மணிக்கட்டு அரிப்பதையும் வாரின் அடியில் வியர்க்குரு தோன்றுவதையும் நம்மில் பலர் கண்டிருப்போம். புதிதாக வாங்கிய வார் ஓராண்டு முடிவதற்குள் பிசுபிசுத்துப் போவதும் உண்டு; துளை அருகே வெடித்து அறுந்து போவதும் உண்டு. உடனே, “இரப்பர் வார் நம் ஊருக்கு ஆகாது” என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால், கடையில் “இரப்பர்” என்னும் ஒரே பெயரில் விற்கப்படுபவை ஒரே பொருள் அல்ல. அவற்றின் வேறுபாட்டை அறிந்தால் பணமும் மிஞ்சும். தோலும் நலமாக இருக்கும்.

தோட்டம் கற்றுத்தந்த பாடம்

வெப்பமும் ஈரமும் இரப்பரை என்ன செய்யும் என்பதை நம் தோட்டத் தொழிலாளர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். மங்கில் வடியும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். அதனுடன் சிறிதளவு புரதமும் சர்க்கரையும் கலந்திருக்கும். ஆலையில் பாலுடன் ஃபோர்மிக் அமிலத்தைச் சேர்த்து உறைய வைப்பார்கள். உறைந்த கட்டியை உருளைகளுக்கிடையே செலுத்தி, வரிகள் கொண்ட தகடுகளாக்குவார்கள். பின்னர் அவற்றைப் புகைக்கூடத்தில் பல நாள் தொங்கவிட்டு உலர்த்துவார்கள்.

புகையூட்டுவது எதற்காக? நம் காற்றில் ஈரப்பதம் மிகுதி. பாலில் எஞ்சிய புரதமும் சர்க்கரையும் பூஞ்சணத்திற்கு நல்ல உணவு. உலராத தகட்டில் சில நாள்களிலேயே பூஞ்சணம் படர்ந்துவிடும். வெப்பம் அதனை உலர்த்தியது; புகை பூஞ்சணத்தைத் தடுத்தது.

பதப்படுத்தாத இரப்பருக்கு மற்றொரு குறையும் உண்டு. வெயிலில் அது இளகி ஒட்டும். குளிரில் விறைத்துப் போகும். 1839ஆம் ஆண்டு அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர், இரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் இக்குறை நீங்குவதைக் கண்டறிந்தார். கந்தகம், இரப்பரின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. அதனால் இழுத்தாலும் அது பழைய வடிவத்திற்குத் திரும்புகிறது. இதனைக் ‘கந்தகமூட்டல்’ என்பர். இன்று நாம் அணியும் இயற்கை இரப்பர் வாரும் இம்முறையில் பதப்படுத்தப்பட்டதே.

தோட்டம் தரும் பாடம் இதுதான்: ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எதிரி உண்டு. அந்த எதிரி யார் என்று அறிந்த பிறகே பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மணிக்கட்டில் நிகழ்வது என்ன?

நம் நாட்டின் தாழ்நிலப் பகுதிகளில் பகல் வெப்பம் 32 பாகை செல்சியசைச் சாதாரணமாக எட்டும். காற்றின் ஈரப்பதமும் ஆண்டு முழுவதும் உயர்ந்தே இருக்கும். உடல் குளிர வேண்டுமானால் வியர்வை ஆவியாக வேண்டும். ஈரம் நிறைந்த காற்றில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. அதன்மேல் இறுக்கமான ஒரு வாரையும் கட்டிவிட்டால், வியர்வைக்கு வழியே இல்லாமல் போகிறது.

வியர்வை வெறும் நீரன்று. உப்பு, யூரியா, இலெக்டிக் அமிலம் முதலியன அதில் உள்ளன. தோலில் சுரக்கும் எண்ணெய், கை கழுவிய சோப்பின் எச்சம், தலைக்குத் தடவிய தேங்காயெண்ணெய், வெயில் காப்புக் களிம்பு, கொசு விரட்டி மருந்து ஆகியவையும் வாரின் அடியில் சேர்கின்றன. மணிக்கணக்கில் இவற்றில் ஊறும் தோல் மென்மையடைந்து, உராயும்போது புண்படுகிறது. ஆகவே, பெரும்பாலான அரிப்புக்குக் காரணம் வாரின் பொருளன்று. அதன் அடியில் சிறைப்பட்ட ஈரமே.

அரிப்பு தோன்றும் இடம் சில வேளைகளில் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். கொக்கி படும் இடத்தில் மட்டும் தோல் சிவந்தால், உலோகத்திலுள்ள நிக்கல் ஒவ்வாமையை ஏற்படுத்தியிருக்கலாம். வார் படும் இடமெங்கும் சிவந்து, கழற்றி வைத்து உலர்ந்தவுடன் தணிந்தால், வியர்வை காரணமாகலாம். கழுவி உலர்த்தி அணிந்தும் மீண்டும் மீண்டும் தடிப்பு வந்தால், பொருளின்மேல் ஐயம் கொள்ள வேண்டும். அத்தகைய நிலையில் வாரைக் கழற்றிவிட்டு மருத்துவரை நாடுவதே முறை.

கடையில் காணும் வகைகள்

முதலாவது, இயற்கை இரப்பர். மென்மை, வலிமை, மீள்தன்மை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தது; எளிதில் கிழியாது. மரத்திலிருந்து மீண்டும் மீண்டும் கிடைப்பது இதன் தனிச்சிறப்பு. ஆனால், இதன் மூலக்கூற்றில் உள்ள இரட்டைப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஓசோனும் பிராணவாயுவும் தாக்குகின்றன. அதனால், வளைந்தும் இழுபட்டும் இருக்கும் இடத்தில், குறிப்பாகக் கொக்கித் துளையின் அருகே, நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். எண்ணெய் பட்டால் ஊதிப் பருக்கும். வெயிலில் வெளிர் நிற வார்களைவிடக் கரிய வார்கள் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். அவற்றில் சேர்க்கப்படும் கரித்தூள் புற ஊதாக் கதிர்களைத் தடுப்பதே அதற்குக் காரணம். இயற்கை இரப்பரில் எஞ்சியுள்ள புரதம் சிலருக்கு ஒவ்வாமையைத் தரும். பாலில் தோய்த்துச் செய்யும் கையுறையில் அப்புரதம் கூடுதல். உலர்ந்த இரப்பரை அச்சில் அழுத்திச் செய்யும் வாரில் குறைவு. எனினும், இரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் இதனைத் தவிர்ப்பதே நல்லது.

இரண்டாவது, சிலிக்கோன். சிலிக்கன், பிராணவாயு ஆகிய அணுக்கள் மாறி மாறி அமைந்த சங்கிலி இதன் முதுகெலும்பு. வெயிலோ ஓசோனோ இதனை எளிதில் சிதைப்பதில்லை. பெரும்பாலோர் தோலுக்கு இது ஒத்துக்கொள்ளும், விலையும் குறைவு. ஆனால், சிறு கீறல் விழுந்தாலும் அங்கிருந்து கிழியத் தொடங்கும். தூசியும் துணிப்பஞ்சும் இதில் எளிதாக ஒட்டும்.

மூன்றாவது, ஃபுளோரோ இரப்பர். கடைகளில் இதனை ‘எஃப்.கே.எம்.’ என்று குறிப்பிடுவர். டியூபோண்ட் நிறுவனம் 1957இல் ‘வைட்டன்’ என்னும் பெயரில் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விமானங்களில் வெப்பத்தையும் எரிபொருளையும் தாங்கும் அடைப்புகளுக்கு இது பயன்பட்டது. கரிமமும் ஃபுளோரினும் கொண்டுள்ள பிணைப்பு மிக உறுதியானது. ஆதலால், வியர்வை, எண்ணெய், வெயில் ஆகிய மூன்றையும் இது தாங்கும். இதன் அடர்த்தி நீரின் அடர்த்தியைப்போல் ஏறத்தாழ 1.8 மடங்கு, கையில் எடுத்தாலே கனம் தெரியும். விலை மிகுதி என்பது ஒரு குறை. மற்றொன்றும் உண்டு. அமெரிக்காவின் நோட்ரடேம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வகை வார்கள் சிலவற்றில், சூழலில் எளிதில் சிதையாத ஃபுளோரின் வேதிப்பொருள் ஒன்று இருப்பதைக் கண்டறிந்தனர். எனவே, நீண்டநாள் உழைக்கும் பொருள் என்பதனாலேயே அதனைக் குறையற்றது என்று கூறிவிட முடியாது.

நான்காவது, பாலியூரித்தேன். மலிவான இலக்கக் கடிகாரங்களில் ‘ரெசின்’ என்று எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் இதுவே. உராய்வை நன்கு தாங்கும், எடை குறைவு. ஆனால், இதன் எதிரி நம் காற்றிலேயே இருக்கிறது. எஸ்டர் வகைப் பாலியூரித்தேனில் உள்ள பிணைப்புகளை நீர் மெல்ல மெல்ல உடைக்கும். இதனை ‘நீராற்பகுப்பு’ என்பர். வெப்பம் கூடினால் இவ்வினையும் விரையும். அலமாரியில் பல ஆண்டு பத்திரப்படுத்திய காலணியை எடுத்து அணிந்ததும், அதன் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்வதைக் கண்டிருக்கிறீர்களா? பலவேளைகளில் அது பாலியூரித்தேன் அடிப்பாகமே. அணியாமல் வைத்திருந்தாலும் ஈரக்காற்று தன் வேலையைச் செய்துவிடுகிறது. கடையில் நெடுநாள் தேங்கிய ரெசின் வாரின் நிலையும் இதுதான்.

ஐந்தாவது, பி.வி.சி. இது இரப்பரே அன்று, நெகிழியாகும். மென்மைக்காகச் சேர்க்கப்படும் நெகிழ்விப்பான் காலப்போக்கில் வெளியே கசியும். அதனால் வார் முதலில் பிசுபிசுக்கும். பின்னர் விறைத்து உடையும். கடுமையான மணம் வீசும் மிக மலிவான வார்கள் பெரும்பாலும் இவ்வகையைச் சார்ந்தவை.

யாருக்கு எது ஏற்றது?

வகுப்பறையிலும் திடலிலும் பொழுதைக் கழிக்கும் மாணவருக்குத் துளைகள் கொண்ட சிலிக்கோன் வார் போதுமானது. கிழிந்தால் குறைந்த செலவில் மாற்றிக்கொள்ளலாம். நாள் முழுவதும் வெயிலில் உழைக்கும் தோட்டத் தொழிலாளிக்கும், எண்ணெய் படும் பட்டறையில் பணிபுரிபவருக்கும் ஃபுளோரோ இரப்பர் வார் கொடுத்த விலைக்கு உழைக்கும். ஒவ்வாமை இல்லாதவரும் பொருளைப் பேணத் தெரிந்தவரும் இயற்கை இரப்பரை விரும்பி அணியலாம். பாலியூரித்தேன் வாரை வாங்கினால், அது சில ஆண்டுகளே உழைக்கும் என்று எண்ணி வாங்க வேண்டும்.

பொருளைப் போலவே அமைப்பும் முக்கியம். 1960களில் முக்குளிப்போர் அணிந்த கடிகாரங்களில் ‘டிரோப்பிக்’ என்னும் சுவிஸ் இரப்பர் வார் புகழ்பெற்றிருந்தது. வெப்பமண்டலத்தைக் குறிக்கும் பெயரைக் கொண்ட அந்த வாரில் வரிசையாகத் துளைகள் இருந்தன. நீர் வெளியேறவும் காற்று நுழையவும் அவை வழிவிட்டன. வார் வாங்கும்போது அதன் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். துளைகளோ வரிப்பள்ளங்களோ இருந்தால் வியர்வைக்கு வழி உண்டு. வழவழப்பான தட்டைப் பரப்பு தோலோடு ஒட்டிக்கொள்ளும். கொக்கி துருப்பிடிக்காத எஃகினால் ஆனதா என்பதையும், வாரின் அகலம் கடிகாரத்தின் இடைவெளிக்குப் பொருந்துகிறதா என்பதையும் கவனியுங்கள்.

பேணும் முறை

எந்த வாரானாலும் ஒரு சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத் தளர்த்திக் கட்ட வேண்டும். விளையாடி முடித்ததும் கழற்றி, மென்மையான சோப்பு நீரில் கழுவித் துடைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். நீர்புகாக் கடிகாரம் அல்லவெனில் வாரைத் தனியே கழற்றிக் கழுவ வேண்டும். இரவில் மணிக்கட்டுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். கொசு விரட்டி மருந்தில் உள்ள ‘டீட்’ என்னும் வேதிப்பொருள் சில நெகிழிகளைக் கரைக்கும். ஆகவே, மருந்து நன்கு காய்ந்த பின்னரே கடிகாரத்தை அணிய வேண்டும். வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகையில் கடிகாரத்தை விட்டுச் செல்லக்கூடாது.

குளிர்நாட்டில் பத்தாண்டு உழைக்கும் வார், மம்பாவ் வெயிலிலும் மழையிலும் அதே காலம் உழைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. விளம்பரம் பொருளின் சிறப்பைச் சொல்லும். அதன் எதிரியைச் சொல்வதில்லை. அதனைக் கேட்டறிந்து வாங்குவது நம் பொறுப்பு. வார், காலணி, மழையங்கி, பள்ளிப்பை என எதை வாங்கினாலும், “இது நம் வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்குமா?” என்னும் கேள்வியை முதலில் கேட்போமாக.

அருஞ்சொற்பொருள்

மங்கு – மரத்தில் வடியும் பாலை ஏந்தும் கிண்ணம்
பூஞ்சணம் – ஈரமான பொருள்களில் படரும் நுண்ணுயிர்
மீள்தன்மை – இழுத்து விட்டதும் பழைய வடிவத்திற்குத் திரும்பும் தன்மை
ஒவ்வாமை – ஒரு பொருள் உடலுக்கு ஒத்துக்கொள்ளாத நிலை
நீராற்பகுப்பு – நீரினால் ஒரு பொருளின் வேதிப்பிணைப்பு உடைதல்

கருத்துணர் கேள்விகள்

1. இரப்பர் தகடுகளுக்குப் புகையூட்டியதன் காரணங்கள் யாவை?
2. மணிக்கட்டில் ஏற்படும் பெரும்பாலான அரிப்புக்குக் கட்டுரை கூறும் காரணத்தை விளக்குக.
3. அணியாமல் வைத்திருந்தாலும் பாலியூரித்தேன் பொருள்கள் உதிர்ந்து போவது ஏன்?
4. ஃபுளோரோ இரப்பரின் நிறை குறைகளைப் பட்டியலிடுக.
5. உன் தந்தை திறந்தவெளியில் பணிபுரிபவர். அவருக்கு இரப்பர் ஒவ்வாமை உண்டு. அவருக்கு எவ்வகை வாரை வாங்கித் தருவாய்? உன் தேர்வுக்கான காரணங்களை 50 சொற்களில் எழுதுக.