பரமேச்சுர விண்ணகரமும் பல்லவமல்லனும்

கச்சிப் பரமேச்சுர விண்ணகரத்திற்கு வரும் அன்பர்களில் பெரும்பாலோர், மூன்று நிலைகளில் இருந்தும் கிடந்தும் நின்றும் ஸேவை ஸாதிக்கும் எம்பெருமானைத் தொழுதவுடன் திரும்பிவிடுகின்றனர். திருச்சுற்றுச் சுவர்களை நின்று நோக்குவார் சிலரே. பல்லவர் சரித்திரம் அங்கே கல்லில் வடிக்கப்பெற்றுள்ளது. மணற்கல்லாதலின் பல சிற்பங்கள் தேய்ந்துவிட்டன. எனினும் சிலவற்றோடு பொறித்த விளக்க வாசகங்கள் இன்றும் பேசுகின்றன.

கி.பி. 731-ஐ ஒட்டி இரண்டாம் பரமேச்சுரவர்மன் மறைந்தபோது அரியணைக்கு உரியார் இலர். மாத்ரரும் மூலப்ரக்ருதிகளும் கடிகையாரும் கிளை மரபினனான இரணியவர்மனை நாடிச் சென்றனர். (கடிகையார் என்போர் வேத சாஸ்திரம் பயிற்றிய கடிகையினர். அரசனைத் தேடும் பொறுப்பில் வித்வான்களுக்கும் பங்கிருந்தமை கருதத்தக்கது.) இரணியவர்மன் தன் மைந்தரை வினவினான். ஸ்ரீமல்லன், ரணமல்லன், ஸங்க்ராமமல்லன் மூவரும் மறுத்தனர். இளையவனான பல்லவமல்லன் தான் செல்வதாக முன்வந்தான். அவனுக்கு வயது 12. மகனை அனுப்பத் தந்தையின் உள்ளம் எளிதில் ஒப்பவில்லை.

அவ்வச்சம் வீணன்று. நந்திவர்மன் என்னும் பெயரோடு முடிசூடிய அவனைப் பகைவர் நந்திபுரத்தில் முற்றுகையிட்டனர்; சேனாபதி உதயசந்திரனே மீட்டான் என உதயேந்திரச் செப்பேடு கூறும். சளுக்கிய இரண்டாம் விக்ரமாதித்யன் காஞ்சியையே கைப்பற்றினான். ஆயினும் நகரை அழியாது, இராஜசிம்மேச்சுரத்தின் பொருளைக் கோயிலுக்கே திரும்ப அளித்ததை அங்குள்ள கன்னடக் கல்வெட்டு தெரிவிக்கிறது. பகைவனேயாயினும் இச்செயலைப் போற்றாதிருத்தல் இயலாது.

இத்தனை இடர்களையும் கடந்து நந்திவர்மன் ஏறத்தாழ 65 ஆண்டுகள் அரசு செலுத்தினான். திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் இத்திவ்யதேசத்தை மங்களாசாஸனம் செய்தருளியபோது, பல்லவனுடைய போர் வெற்றிகளையும் உடன் குறித்தருளினார்.